இறக்கை எறும்பு கிளம்பும் நாள்

இறக்கை எறும்பு கிளம்பினால் ஆண்டாயி அக்கா அடுப்பை அணைத்துவிடுவாள். பாதி வெந்த சோறாக இருந்தாலும் சரி, கொதி வரப்போகிற குழம்பாக இருந்தாலும் சரி. துடைப்பத்தைத் தூக்கி வெளியே போடுவாள், கதவை அகலத் திறந்து வைப்பாள், முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்துவிடுவாள். கடைசி எறும்பு வெளியே போகிறவரை அந்த வீட்டில் புகை எழும்பாது, யாருக்கும் ஒரு வாய் டீகூடக் கிடையாது.

ஈசலை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஈசல் கரையான் புற்றிலிருந்து வருவது, விளக்கைச் சுற்றி விழுந்து சாவது. மலைக்குக் கீழே சமவெளியில் அதை வறுத்துப் பொரியோடு தின்பார்கள். நான் சொல்வது சாதாரணக் கறுப்பெறும்பு. வருஷமெல்லாம் சர்க்கரை டப்பாவைச் சுற்றித் திரிகிற அதே சாதிதான். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தால், அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெடிப்பிலிருந்து புறப்படும். முதலில் இறக்கையில்லாத சின்னவை வந்து வழி பார்க்கும். பிறகு உடம்பு பருத்து, கண்ணாடித் தாள் போல இறக்கை வைத்த பெரியவை ஒவ்வொன்றாக வெளியே வரும். நேற்றுவரை இவை எங்கே இருந்தன என்று தோன்றும்.

அவையெல்லாம் வாக்கப்பட்டுப் போகிற பெண்கள் என்பது ஆண்டாயி அக்காவின் கணக்கு. போகிற பெண்ணை வாசலில் மறிக்கக் கூடாது, மறித்த வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் நல்லபடியாகப் போய் வாழ மாட்டாள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் அவள் அம்மா அப்படித்தான் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தாளாம். பன்னிரண்டு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள் வேறு என்னத்தைக் கொண்டுவந்தாளோ தெரியாது, இதைக் கொண்டுவந்துவிட்டாள். பெண் பிள்ளையே இல்லாத வீட்டில் இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று நான் கேலி செய்வேன். அவளுக்கு ரவிக்குமார் ஒரே மகன்.

நான் சுமலதா, அடுத்த காம்பரா வீடு. எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசையாகக் கட்டின எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. இடைச்சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். ஒட்டுக் கேட்கிறவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. கேட்காமல் இருக்கத்தான் நான் பாடுபட வேண்டும்.

ரவிக்குமார் கோத்தகிரியிலிருந்து ரேணுகாவைக் கட்டிக்கொண்டு வந்தான். தாயில்லாதவள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பக்கமே ஒதுங்கிவிட்டார். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள் என்பதால் லயத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை அட்டையை அவளிடம்தான் காட்டுவோம். அவள் வந்த முதல் வருஷம் எறும்பு கிளம்பியபோது மாமியார் அடுப்பை அணைத்ததைப் பார்த்துத் திகைத்துப் போனாள். அத்தை சொல்வது பொய்யில்லை என்று புருஷனிடம் சொன்னாள். இறக்கை அந்த ஒரு நாளைக்குத்தானாம். வேறு இடத்தில் போய் இறங்கியதும் அதுவே தன் இறக்கையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மண்ணைத் தோண்டி உள்ளே போய்க் குடும்பம் நடத்துமாம். அப்படியென்றால் நீ உன்னுடையதை எங்கே கழற்றி வைத்தாய் என்று ரவி கேட்டான். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஃபாக்டரியில் விடிகாலை ஷிப்டுக்குப் போன ரவி பனிமூட்டத்தில் குறுக்குவழியாக இறங்கியிருக்கிறான். தேயிலைச் செடிக்குள் காட்டெருமை படுத்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. குன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ரேணுகாவின் வயிற்றில் அப்போதுதான் தங்கியிருந்ததும் அந்த மாதமே கலைந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன், என்னால் முடியாது.

எஸ்டேட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலையில் பெரட்டில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். யார் பெயர் அங்கே கூப்பிடப்படுகிறதோ அவர்களுக்குத்தான் காம்பரா. பெயர் போனால் சட்டி பானையோடு வெளியேற வேண்டும். ஆண்டாயி அக்காவுக்கு வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மகன் பெயரும் போனபின் ரேணுகாவின் பெயரைப் பதிந்தார்கள். அதனால்தான் அந்த வீடு நின்றது. மருமகள் கொழுந்து பறித்தாள், மாமியார் சோறாக்கினாள். இரண்டு பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிராக இருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை, மூஞ்சியைத் தூக்கிக்கொண்ட நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான்கு வருஷம் இப்படிப் போனபின் வெற்றிச்செல்வன் வந்தான். அரவேணுவில் செல்போன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வீடு அருவங்காட்டில், அம்மா மட்டும். அவனுக்கும் முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. ரேணுகா உடைந்த போனைக் கொண்டுபோய்க் கொடுத்ததில் தொடங்கியது. பிறகு உடையாத போனையும் கொண்டுபோனாள் என்று நான் அவளைச் சீண்டினேன், முகம் சிவந்துவிட்டது. அந்த முகத்தில் நிறத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே கண் கலங்கியது.

அவன் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் வேலாமணி, கோயமுத்தூர்ப் பக்கத்து அம்மா, லயத்துக்கே ஏறி வந்து பேச்சை எடுத்தார். "ஏனுங்கம்மா, புள்ளைக்கு இன்னும் வயசு கெடக்குதுங்க. பையன் தங்கமானவனுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க" என்றார். பையனின் அம்மாவுக்குப் பெண் வந்தால் போதும், பெரியவர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை என்பதையும் இழுத்து இழுத்துச் சொன்னார். ஆண்டாயி அக்கா அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல், தாராளமாகக் கூட்டிப் போகட்டும் என்றாள்.

ரேணுகாதான் மறுத்தாள். நீங்கள் எங்கே போவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கூடலூரில் தம்பி வடிவேல் இருக்கிறான், அக்கா வா வா என்று உயிரை எடுக்கிறான், இந்தக் குளிரில் கிடந்து சாவதைவிட அங்கே போய் நிம்மதியாக இருப்பேன் என்றாள் மாமியார். நாள் தவறாமல் இதே பேச்சுதான். பங்குனி போய்ச் சித்திரை வந்தது. ஒருநாள் ரேணுகா பிடிவாதமாக முடியாது என்றபோது ஆண்டாயி அக்கா குரலை உயர்த்தினாள். "நீ என் மகனுக்குத்தான் பொண்டாட்டி, எனக்கு இல்ல. அவனே போயிட்டான். நீ எதுக்கு இங்க கெடக்குற? போ புள்ள, போய்ப் பொழ."

அன்றைக்குத்தான் ரேணுகா சரி என்றாள். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதாள். ஆனால் மறுநாள் கொழுந்து பறிக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. வெள்ளியன்று நல்ல மழை பெய்திருந்தது, சனிக்கிழமை மதியம் வெயில் அடித்தது. எனக்கு அன்று உடம்பு சரியில்லை, லீவில் இருந்தேன். மறுநாள் விருந்துக்குத் தேங்காய் வேண்டுமா என்று கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் வைக்கும்போதே என்னவோ சரியில்லை என்று பட்டது. சுவர் ஓரம் இறக்கை எறும்பு சாரை சாரையாக வந்துகொண்டிருக்கிறது, அடுப்போ எரிந்துகொண்டிருக்கிறது. ரேணுகா வந்து குளிப்பதற்காக வைத்த அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது.

ஆண்டாயி அக்கா செம்பில் மொண்டு மொண்டு அந்த வெடிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கோபமாகச் செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. பாத்திரம் கழுவுகிறவள் முகம்தான் இருந்தது. வெடிப்பிலிருந்து வந்ததெல்லாம் நீரோடு மிதந்து, சிமெண்டுத் தரையில் இறக்கை ஒட்டிக்கொண்டு சுருண்டது. அக்கா, என்ன செய்கிறாய் என்று நான் கையைப் பிடித்தேன். தொல்லை தாங்கவில்லை, நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றாள். என் பிடியை உதறிவிட்டு மறுபடியும் ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள். அவள் எதற்குப் பயந்து அதைச் செய்தாள் என்று எனக்கு அந்தக் கையிலேயே தெரிந்துவிட்டது. வாய் போ போ என்று சொல்லி அனுப்பிவிட்டது. கைக்குத்தான் மனசு வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ரேணுகா நிற்கிறாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. தரையைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து ஒரு பழந்துணியை எடுத்துக் குத்தவைத்துத் துடைக்கத் தொடங்கினாள். ஏதாவது பேச வேண்டுமே என்று ஆண்டாயி அக்கா, ஏன் இதில் சிலதுக்கு மட்டும் இறக்கை வருகிறது என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

ரேணுகா தலை நிமிராமல் சொன்னாள். "எல்லாம் ஒரே மாதிரி முட்டைதான்த்தே. குஞ்சா இருக்கையில எதுக்கு நெறைய ஊட்டி வளக்குதுங்களோ, அதுக்கு றெக்க வரும்."

"ஊட்டுறது யாரு?"

"றெக்க இல்லாததுங்கதான். அதுங்களுக்குக் கடைசி வரைக்கும் வராது. ஊட்டி அனுப்பிட்டு இங்கனயே கெடக்கும்."

அவள் குத்திக் காட்டவில்லை. நான் அங்கேதான் நின்றேன், என்னால் சத்தியம் செய்ய முடியும். படித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் ஆண்டாயி அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே, தேங்காய் ரெண்டு வேண்டும் சுமலதா என்று என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வெற்றிச்செல்வன், அவன் அம்மா, வேலாமணி. தட்டில் பூவும் பழமும் இருந்தன. ஆண்டாயி அக்கா விடியலிலேயே எழுந்து பாயசம் வரை செய்து வைத்திருந்தாள். ரேணுகா பச்சைப் புடவையில் வந்து நின்றாள், அழகாகத்தான் இருந்தாள். வேலாமணி பூவை எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு இதுல விருப்பமில்ல."

என்ன ஆயிற்று என்று வெற்றிச்செல்வன் கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை, நான்தான் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன் என்றாள். அவன் அம்மா எழுந்து, ஆட்டி வைக்க என் மகன்தான் கிடைத்தானா என்று லயமே கேட்கும்படி பேசினார். பேசட்டும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் பேசியிருப்பேன். அவன் தட்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

ரேணுகா மாட்டேன் என்று சொன்ன அந்த நேரத்தில் நான் ஆண்டாயி அக்காவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் முகம் மலர்ந்தது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள், ஐயோ என்றாள், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று மருமகளை உலுக்கினாள். அதெல்லாம் அப்புறம். முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திங்கட்கிழமை மலையில் ரேணுகாவைப் பிடித்துக்கொண்டேன். கிழவி நாலு எறும்பைக் கொன்றாள் என்பதற்காக வாழ்க்கையை உதறுவாயா, உனக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினேன். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எறும்புக்காக இல்லக்கா. அத்த தண்ணி ஊத்துறதப் பாத்ததும் எனக்கு அந்தக் கூடலூர்க் கதையிலயே சந்தேகம் வந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் கூடலூருக்குப் போன் போட்டேன். அவங்க தம்பிதான் எடுத்தாரு, பங்குனியிலயே அக்கா வரட்டுமான்னு கேட்டுச்சு, எங்களுக்கே எடமில்ல, ஏலாதுன்னு சொல்லிட்டேன்னாரு. அது தெரிஞ்சுக்கிட்டுத்தான் அத்த என்னப் போ போன்னு வெரட்டியிருக்கு. நான் போயிருந்தா, அது எங்கக்கா போயிருக்கும்?"

பங்குனியிலிருந்து எத்தனை நாள், எத்தனை தடவை அந்தத் தம்பியின் கதையைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். போவதற்கு ஒரு இடமில்லாமல்தான் அவ்வளவு தைரியமாகப் பேசியிருக்கிறாள். அந்த மலர்ந்த முகத்துக்காக நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எதற்கும் ஆகாமல் போயின. யாரை நோவது என்று தெரியவில்லை. போன் செய்ததை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், அவமானத்திலேயே செத்துவிடும் என்று ரேணுகா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆண்டாயி அக்கா என்னைக் கண்டாலே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வெந்நீர் ஊற்றியதால்தான் இந்தப் பெண் நின்றுவிட்டாள், தன் கையால் அவள் வாழ்க்கையை மறித்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல எனக்குச் சத்தியம் தடை. சொன்னாலும் அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

ஆவணியில் வெற்றிச்செல்வனுக்கு மேட்டுப்பாளையத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்தது. அரவேணு சந்தைக்குப் போன ஆண்டாயி அக்காவுக்கு வேலாமணி சொல்லித்தான் தெரியும். கேட்டதும் காய்கூட வாங்காமல் வெறும் பையோடு திரும்பி வந்தாள். ரேணுகாவுக்கு அது காலையிலேயே தெரியும், கடையில் சீரியல் லைட் போட்டிருந்ததை வேலைக்குப் போகிற வழியில் பார்த்திருந்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஆண்டாயி அக்காவின் குரல் வந்தது.

"ஏன்டி, என்னைய ஒரு வார்த்த வைய மாட்டேங்குற? ஒரே ஒரு தடவ வஞ்சிருடி."

ரேணுகா எதற்கு வைய வேண்டும் என்று கேட்டாள்.

"நீ மாட்டேன்னு சொன்னப்ப எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சுடி, பாவி எனக்கு. யாருக்கும் தெரியாதுன்னு இத்தன நாளும் வச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"அன்னைக்கே பாத்தேன்த்தே" என்றாள் ரேணுகா. "சோறு ஆறுது, சாப்புடுங்க."